சாமி பயம் இல்லாதவரிடம் கணக்கைக் கொடுக்கலாமா?

பெருந்துறைவாசி:

எங்கள் பகுதி அரசு மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் துணையாக வந்து வராந்தாவில் படுத்துக் கிடப்பவர்களுக்குக் காலை உணவு கொடுக்கும் ஒரு சிறு குழுவில் நானும் இருக்கிறேன். பொருளாளர் பொறுப்புக்கு நண்பர் ஒருவரின் பெயரைச் சொன்னேன். குழு தொடங்கிய நாள்முதல் சாம்பார்ப் போசியைத் தேய்த்துக் கழுவுவது வரை எந்த வேலையையும் தட்டிக் கழிக்காதவர். அப்போது பெரியவர் ஒருவர் எழுந்து, “ஆள் தங்கமானவர்தான், ஆனால் கோயில் வாசலை மிதிக்காதவரிடம், சாமி பயம் இல்லாதவரிடம் ஊர்ப் பணத்தை எப்படிக் கொடுப்பது?” என்று கேட்டார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நண்பரும் அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அறத்துக்கும் தொண்டுக்கும் இறைநம்பிக்கை கட்டாயம் வேண்டும் என்றால், இந்த மண்ணின் வரலாற்றையே நாம் மறுக்க வேண்டியிருக்கும். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சிக்கு இராஜாஜி தலைவர். ஏறத்தாழ அதே காலத்தில் ஈரோடு நகராட்சிக்கு ஈ.வெ.ரா. தலைவர். 1925இல் இராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிக் கதரையும் மதுவிலக்கையும் கையில் எடுத்தார்; அதே ஆண்டில் ஈ.வெ.ரா. சுயமரியாதை இயக்கத்தைத் தொடங்கினார். ஒருவர் நாள் தவறாமல் இறைவனை நினைத்தவர், மற்றவர் கடவுளே இல்லை என்றவர். இருவரில் எவரிடமும் பொதுப்பணத்தைக் கொடுக்க நம் பாட்டன்மார் தயங்கியதாகத் தெரியவில்லை.

காங்கேயத்தான்:

ஐயா, வணக்கம். ஈ.வெ.ரா. நகராட்சித் தலைவராக இருந்த காலத்தில் ஈரோட்டில் தேவஸ்தானக் குழுப் பொறுப்பும் வகித்தவர்; அவருடைய வெளிப்படையான கடவுள் மறுப்புப் பிரச்சாரம் அதற்குப் பின்னர் வந்தது. ஆகையால் அந்தச் சான்று முழுமையாக உங்கள் பக்கம் நிற்காது.

நாத்திகர் எல்லோரும் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. யாரும் பார்க்காத இடத்தில், செய்தால் பெயரும் கிடைக்காது, செய்யாவிட்டால் தண்டனையும் கிடையாது என்ற நிலையில், ஒரு சாதாரண மனிதனைத் தொண்டின் பக்கம் இழுப்பது எது என்பதே என் கேள்வி. தைப்பூசத்துக்கு முன் காங்கேயத்திலிருந்து தாராபுரம் வழியாகப் பழனிக்குப் போகும் சாலையில் ஓர் இரவு நின்று பாருங்கள். எழுபது வயதைக் கடந்த ஒருவர் பந்தலுக்குக் கீழே மண்ணில் அமர்ந்து, முன்பின் பார்த்திராதவரின் காலைத் தம் மடிமேல் தூக்கி வைத்து, கொப்புளத்தைச் சுற்றி எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார். கால் யாருடையது என்று நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். “முருகன் நடந்து வருகிறான்” என்ற நினைப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டால் அந்தக் கை அங்கே இருக்குமா?

மருத்துவர் வெங்கடசாமியையும் நினைத்துப் பாருங்கள். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் கண் அறுவை செய்யப் பழகிக்கொண்டு, பணி ஓய்வு பெற்ற பின் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் கண் மருத்துவமனை தொடங்கியவர். அதற்கு அரவிந்தரின் பெயரை வைத்தது அலங்காரத்துக்காக அல்ல. தம் பணியே ஆன்மிக சாதனை என்று அவர் நம்பினார். அதன் கிளை கோவை அவிநாசி சாலையில் இருக்கிறது; பணம் இல்லாமல் பார்வை பெற்று வந்தவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள்.

சென்னிமலை நெசவாளி:

காங்கேயத்து அண்ணன் காட்டும் பெரியவரை நானும் கும்பிடுவேன். ஆனால் சாமி பயம் தவறைத் தடுக்கும் என்ற பேச்சை நொய்யல் கரையில் வாழ்கிற என்னால் ஏற்க முடியாது.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த அணை, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு வந்து தேங்கும் குட்டையாகிப்போனது. அணைக்குக் கீழே கிணறுகள் உப்பேறின. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. எத்தனை விறகு வைத்தாலும் கல்லாகவே கிடக்கும். குடிக்கக் கொடுத்தால் மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்ட பட்டறைக்காரர்களில் கடவுள் இல்லை என்று சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. காலையில் கல்லாப்பெட்டிக்குச் சூடம் காட்டாமல் அவர்கள் வேலையைத் தொடங்கியதில்லை. குடமுழுக்குக்கு நன்கொடை எழுதிய கையே இரவில் மதகைத் திறந்துவிட்டது. ஆடிப்பெருக்கு அன்று பேரூர்ப் படித்துறையில் மஞ்சள் குங்குமம் வைத்து ஆற்றுத்தாயை வணங்குகிறோம்; அதே ஆறு கீழே வருவதற்குள் என்ன நிறமாக இருந்தது என்பதை இங்கிருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கடைசியில் அதை நிறுத்தியது சாமி பயமா? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை வெளியே விடாத ஏற்பாடு செய்யும்வரை பட்டறைகளை மூடச் சொன்னது. மின் இணைப்பு போய்விடும் என்ற பயம் வந்த பிறகுதான் ஆறு கொஞ்சம் மூச்சு விட்டது. சாமிக்குப் பயந்தவர்கள் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றும் நம்பினார்கள். கீழே இருந்த எங்களிடம் வந்து கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

காங்கேயத்தான்:

அம்மணி, உங்கள் கோபம் நியாயமானது. அதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வழக்கை நடத்தியவர்கள் யார்? நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள். விதைப்புக்கு முன் குலதெய்வத்தைக் கும்பிடும் குடும்பங்கள் அவை. நம்பிக்கை உள்ளவன் செய்த பாவத்தை நம்பிக்கையின் கணக்கில் எழுதினால், நம்பிக்கை உள்ளவன் நடத்திய நீதிப் போராட்டத்தையும் அதே கணக்கில்தான் எழுத வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். தனித்தனியாக நல்லவர்கள் எங்கும் இருப்பார்கள். தலைமுறை கடந்து நிற்கும் தொண்டுதான் அரிது. 1867இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை எரிகிறது. நம்பிக்கை இல்லாதவர்கள் அப்படி ஒன்றைக் காட்டட்டும்.

பேரூர்த் தமிழாசிரியை:

இருவரும் தொடாத ஒரு பக்கம் இருக்கிறது. சங்ககால வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடிய புலவர் முடமோசியார், இந்தப் பிறவியில் செய்தது மறுபிறவிக்கு உதவும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவனை “அறவிலை வணிகன்” என்கிறார். ஆய் அப்படிப்பட்டவன் அல்லன், சான்றோர் நடந்த வழி என்பதால் கொடுக்கிறான் என்கிறார். இதை மேற்கோள் காட்டுபவர்கள் இன்னொன்றை விட்டுவிடுகிறார்கள். அதே ஆய், தனக்குக் கிடைத்த அரிய நீல ஆடையை ஆலமர் செல்வனாகிய இறைவனுக்குச் சாத்தியவன் என்று சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. பக்தி அவனிடம் இருந்தது. ஆனால் அவன் கொடைக்குக் காரணம் தேடிய புலவர் பக்தியைக் காட்டவில்லை.

மதம் என்றால் கடவுள் பயம் என்று வைத்துக்கொள்வதும் சரியல்ல. விசயமங்கலத்தில் இன்றும் சமணக் கோயில் நிற்கிறது. உலகைப் படைத்துத் தண்டனை கொடுக்கும் கடவுளை ஏற்காத அந்தச் சமயம், எறும்புக்கும் தீங்கு செய்யாத ஒழுக்கத்தை இந்தக் கொங்கு மண்ணில்தான் போதித்தது. “சாமி பயம் இல்லாதவர்” என்ற பெரியவரின் சொல் அந்தத் துறவிகளுக்கும் பொருந்திவிடும்.

பெருந்துறைவாசி:

ஆசிரியை அம்மாவுக்கு நன்றி. காங்கேயத்தார் கேட்டதற்கு விடை சொல்ல வேண்டும். திருச்சியில் ஆதரவற்ற குழந்தைகளுக்காக ஈ.வெ.ரா.வின் மனைவி நாகம்மையார் பெயரில் இல்லம் நடக்கிறது. கடவுள் மறுப்பாளர்கள் தொடங்கியது. தொடங்கியவர்கள் மறைந்த பின்னும் நடக்கிறது. அங்கே வளரும் குழந்தைக்குத் தன்னை எடுத்து வளர்த்தவர் எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்பது முக்கியமா? வடலூர் அடுப்பை நானும் போற்றுகிறேன். ஆனால் சாதி, சமயம் பாராமல் பசித்தவருக்கு உணவு என்பதுதான் வள்ளலார் வகுத்த முறை. பந்தியில் உட்காருபவரிடம் நம்பிக்கையைக் கேட்கக் கூடாது என்றால், பரிமாறுபவரிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

பழனிச் சாலைப் பெரியவரிடமிருந்து முருகனை எடுக்க நான் விரும்பவில்லை. அவருக்கு அதுவே வழி. என் நண்பருக்கு வேறு வழி. அவருடைய தாயாருக்கு அதே மருத்துவமனை வராந்தாவில் முன்பின் தெரியாத ஒருவர் கஞ்சி வாங்கிக் கொடுத்ததை அவர் மறக்கவில்லை, அவ்வளவுதான். பணத்தைக் காப்பதற்கோ இரண்டுமே போதாது. வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்தும், மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் வரவு செலவும், வெளியாள் தணிக்கையும் வேண்டும். திருநீறு பூசியவருக்கும் பூசாதவருக்கும் ஒரே விதி.

அடுத்த கூட்டத்தில் இந்த மூன்றையும் வைத்து, நண்பரின் பெயரையும் மறுபடி முன்மொழியப் போகிறேன். மறுப்பவர்கள் அவர் கணக்கில் காணும் குறையைச் சொல்லி மறுக்கட்டும்.