‘உருப்படாத கேஸ்’ செட்டுலயும் ஒட்டாத பிள்ளை: ஆசிரியர்களே, நீங்க பார்த்தது என்ன?

பாளையங்கோட்டை வாத்தியார்:
பதினொன்றாம் வகுப்பு ஆரம்பிச்ச ரெண்டு மாசத்துலயே இது தெரிஞ்சிரும். பத்தாவது வரைக்கும் ஊர்ப் பள்ளிக்கூடத்துல படிச்ச பையன், கேட்ட குரூப் கிடைச்சு டவுனுக்கு வாரான். முன்னாடி பெஞ்சு டியூஷன் செட்டு. நடுவுல பழைய ஸ்கூல் செட்டு. கடைசி பெஞ்சுல, ‘நாங்கள்லாம் உருப்படாத கேஸுலே’ன்னு தங்களுக்குத் தாங்களே பேர் வச்சுக்கிட்ட கூட்டம். யாரும் சேர்க்காதவங்கதானே, நம்மளச் சேர்த்துக்கிடுவாங்கன்னு அங்கன போய் உட்காருவான். அவங்க ஆறாம் வகுப்புல இருந்து ஒண்ணா முட்டிபோட்டவங்க. அந்தக் கணக்குல இவன் பேருக்கு வரவு கிடையாது.

கண்டுபிடிக்கணும்னா பட்டப்பேரைக் கவனிங்க. அங்க எல்லாருக்கும் ஒண்ணு இருக்கும்: சட்டி, மோட்டாரு, தாத்தா. ஒருத்தனை மட்டும் வருகைப் பதிவேட்டுல உள்ள முழுப்பேரால கூப்பிடுவாங்க. மரியாதைன்னு நினைச்சிராதீங்க. அவன்தான் வெளியாள்.

மேலப்பாளையம் டீச்சர்:
அண்ணாச்சி சொன்னது பையன்களுக்குச் சரி. பொம்பளைப் பிள்ளைகள்ட்ட சாப்பாட்டு நேரத்தைப் பாருங்க, அதுவும் முதல் பத்து நிமிஷம். டப்பா வட்டத்துக்குள்ள போயிரும், பிள்ளை அரை முழம் வெளிய இருக்கும். சொதியோ கூட்டாஞ்சோறோ கொண்டுவந்த அன்னைக்கு மட்டும் நகர்ந்து இடம் விடுவாங்க. ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வந்தா ‘ஏன்ட்டீ வரல’ன்னு ஒரு கேள்வி வராது.

அம்பாசமுத்திரம், வேதியியல்:
பலரும் சறுக்குற இடம் ஒண்ணு உண்டு. வகுப்புல எல்லார் முன்னாலயும் ‘இவனையும் சேர்த்துக்கிடுங்கலே’ன்னு சொல்லக் கூடாது. அன்னையிலிருந்து அவன் ஒப்புக்குச் சப்பாணி. சேர்க்கச் சொல்லாம, அவன் இல்லாட்டா ஓடாத வேலையாக் குடுங்க. டைட்ரேஷன், அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டா விட்டு அளவு கண்டுபிடிக்கிற சோதனை, இதுக்குத் தோதானது. ஒருத்தன் பியூரெட்டோட (கரைசலைச் சொட்டவிடுற அளவுக் குழாய்) திருகைப் பிடிக்கணும், இன்னொருத்தன் குடுவையைச் சுழற்றி நிறம் மாறுற சொட்டுல ‘நிறுத்து’ன்னு சொல்லணும். பேசாம முடியாது. ஜோடி ரெண்டே பேர்தான். மூணு வச்சா ஒருத்தன் நோட்டு எழுதுற கணக்கப்பிள்ளை ஆயிருவான், அது யாருன்னு சொல்லவே வேண்டாம். நாலு பிராக்டிகலுக்கு ஜோடியை மாத்தாதீங்க. அந்தக் கூட்டத்து ஆளைத்தான் ஜோடியாப் போடணும்னும் இல்ல. நடு பெஞ்சுல ஒருத்தன் கிடைச்சாலே போதும், கடைசி பெஞ்சு பைத்தியம் தானா தெளியும்.

நாங்குநேரி பக்கம்:
நம்ம ஜில்லாவுல இதெல்லாத்துக்கும் முன்னால மணிக்கட்டைப் பாருங்க. ‘எங்களுக்கு எந்த செட்டும் கிடையாது’ன்னு சொல்லுத கூட்டத்துலயும் சாதியைக் காட்டுற ஒரே நிறக் கயிறு கட்டியிருப்பாங்க. 2023 ஆகஸ்ட்டில் இங்க ஒரு மாணவனைக் கூடப் படிக்கிற பையன்களே சாதிக்காக வெட்டினதுக்கு அப்புறம் அமைச்ச நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் குடுத்த அறிக்கையில கயிறைத் தடுக்கணும்னு சொன்னது சும்மா இல்ல. பிள்ளை வெளிய நிக்கிறதுக்குக் காரணம் சாதின்னா ஜோடி மாத்துறதெல்லாம் வேலைக்கு ஆகாது. தலைமையாசிரியர்ட்ட எழுத்துல குடுங்க, தேதியோட. கல்வித் துறை உதவி எண் 14417. குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பிள்ளையே கூப்பிடலாம்; காசு கிடையாது, ராத்திரியிலயும் எடுப்பாங்க.