ஊருணி பச்சையாகிவிட்டது, மீன்கள் திணறுகின்றன: வழி சொல்லுங்கள்

சிவகங்கை மாவட்டக் கிராமம் ஒன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியை நான். எங்கள் 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகள் 23 பேர் பள்ளிக்கு எதிரே உள்ள ஊருணியைப் பராமரிக்கிறார்கள். தை மாதம் ஊராரோடு சேர்ந்து ஆகாயத்தாமரையை முழுவதும் அகற்றினோம். 3 வாரத்தில் தண்ணீர் பச்சைக் குழம்பாகிவிட்டது. விடியற்காலையில் கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. வெயில் ஏறியதும் அடங்கிவிடுகின்றன. இரவில் பாசியும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்வதை வகுப்பில் விளக்கினேன். "அப்படியானால் நாம்தான் கெடுத்துவிட்டோமா, டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

கரையில் குவித்த செடிகளை உரக்குழிக்கு மாற்றினோம். துணி துவைக்கும் சோப்பு நீரை வாய்க்கால் வெட்டித் திருப்பினோம். வலையில் பாசி நிற்கவில்லை. இப்போது ஆழம் 5 அடி. கரையில் மின் இணைப்பு இல்லை.

ரசாயனம் போடாமல், மழை வரும்வரை இந்த மீன்களைக் காப்பாற்ற என்ன செய்யலாம்?