புதுப்பிப்பு: குரல் பதிவில் வந்த இரைச்சல் நின்றது (திருகோணமலை)

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. என் கேள்வி இதுதான்: உவர்மலையில் எங்கள் வீட்டு அறையில் தங்கச்சி பாடிப் பதிந்தால் அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல், குரலும் பெட்டிக்குள் இருந்து வருவது போல.

இரைச்சலை நிறுத்தியது, "லாப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்" என்ற பதில். கழற்றிய உடனே போய்விட்டது. மைக் வயரையும் மாற்றிப் பார்த்தேன், வித்தியாசமே இல்லை. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதனால் இரைச்சல் 50இல் மட்டுமல்ல, 100, 150இலும் வரும். 80க்குக் கீழே வெட்டும் ஃபில்டர் 50ஐக் குறைக்கும், மற்றவை குரலோடு கலந்தபடியே இருக்கும். ஆகவே பற்றரியில் ஓடவிட்டுப் பதிவதுதான் சரி.

பெட்டிச் சத்தத்துக்கு, பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் தடித்த போர்வை கட்டச் சொன்ன அண்ணாவுக்குத் தனி நன்றி. எங்கள் மைக் கார்டியோயிட் வகை. அது முன்பக்கம் வருவதைத்தான், அதாவது குரலையும் பாடுபவருக்குப் பின்னால் உள்ள சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியையும்தான், கூடுதலாகப் பிடிக்கும்; மைக்குக்குப் பின்னால் நான் ஒட்டிய ஃபோம் பெரிதாக உதவாததற்குக் காரணம் அதுதான். மிச்சப் பெட்டிச் சத்தத்துக்கு, பதிந்த பிறகு ஈக்குவலைசரில் 400 ஹேர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் குறைத்தேன். ஃபேனையும் நிறுத்த வேண்டும், இந்த வெக்கையில் அது தனித் தண்டனை. விடியப்புறத்தில் பதிகிறோம்.

எதிர்பாராத ஒன்று: எதிரொலி போனதும் 'ச', 'ஸ' காதில் குத்தத் தொடங்கின. மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுச் சரித்ததும் பெரும்பாலும் அடங்கிவிட்டது. மீதிக்கு 7 கிலோஹேர்ட்ஸ் அருகே டி-எஸ்ஸர் (குத்தும் 'ச', 'ஸ' ஒலிகளை மட்டும் தணிக்கும் கருவி), அதுவும் இலேசாக. கூட்டினால் 'ச', 'ஸ' மழுங்கி, தங்கச்சி மழலை பேசுவது போல் ஆகிவிடுகிறது.