நாவலுக்காக 1924 வெள்ளக் கதைகள் தேவை

வணக்கம் நண்பர்களே. கொள்ளிடக் கரையில் வாழும் மந்திரக்காரிகள் குடும்பத்தை வைத்து மிகுபுனைவு நாவல் வரிசை எழுதுகிறேன். தலைமுறைக்கு ஒரு பாகம். முதல் பாகம் 1924 பெருவெள்ளத்தில் தொடங்குகிறது. மேட்டூர் அணை வந்தது 1934இல்தான். அதற்கு முன்பு ஆற்றின் போக்கை முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவளுக்கு ஊரில் என்ன மதிப்பு இருந்திருக்கும்! என் நாயகியின் சக்தியே அதுதான்.

வெள்ளம் வருமுன் எதைப் பார்த்து உஷாரானதாக உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்? தண்ணீரின் நிறமா, எறும்பா, பறவையா? அணைக்கரை, சீர்காழிப் பக்கத்துக்காரர்கள் அவசியம் சொல்லுங்கள். அப்புறம், 1952 புயல் பற்றியும் வேண்டும், அது பேத்தியின் பாகம். இந்தப் பெண்களைப் பேய்க்கதைச் சூனியக்காரிகளாகக் காட்ட எனக்கு மனமில்லை. குழந்தைகளுக்கு மந்திரித்துக் கயிறு கட்டிய பாட்டிகளைத் தெரிந்தால் அவர்களைப் பற்றியும் எழுதுங்கள்.