அண்மை விளைவா, அண்மைக் கனமா? செலோ ஒலிப்பதிவை முன்வைத்து

அனைவருக்கும் வணக்கம்.

மைக்கைக் கருவிக்கு மிகக் கிட்டே கொண்டுபோனால் தாழ்ந்த சுரங்கள் தடித்துக் கேட்கின்றன அல்லவா, அதற்கு (ஆங்கிலத்தில் proximity effect) நம் கலைச்சொல் தொகுப்புக்காக 'அண்மை விளைவு' என்ற சொல்லை ஐயா ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். சொல் சின்னது, நாவில் தடுக்கவில்லை. ஆனால் ஸ்டுடியோவில் ஒரு செலோவின் (வயலின் இனத்துப் பெரிய, தாழ்சுரக் கருவி) முன்னால் அது நிற்குமா என்பதில் எனக்கு ஐயம்.

செலோவை நெருங்கினால் மாறுவது ஒன்றிரண்டு அல்ல. வில்லில் தடவிய ரோசின் பிசினின் கரகரப்பு கூடும். வாசிப்பவரின் மூச்சு விழும். இடதுகை விரல் தந்தியில் வழுக்குவதும் கேட்கும். தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரைக்கு நேரே வைத்தால் ஒலி கூர்மையாகும். கருவியின் முகப்பில் f எழுத்து வடிவில் வெட்டிய எஃப் துளைக்கு நேரே வைத்தால் உள்ளிருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் வாக்கில் குமுறும். எல்லாமே அண்மையால் வரும் விளைவுகள்தான். நாம் பெயர் தேடுவதோ இவற்றில் எதற்கும் அல்ல, மைக்கின் அமைப்பால் வருகிற வேறொன்றுக்கு.

முன்பக்க ஒலியை அதிகம் எடுக்கும் இதயவடிவ மைக், முன்னும் பின்னும் எடுத்துப் பக்கவாட்டை விடும் எட்டுவடிவ மைக் இரண்டும் திசைசார் மைக்குகள்; ஒலியில் அதிரும் தகட்டின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டைப் பிடிப்பவை. தாழ்ந்த சுரத்தில் அலை நீளமானது. செலோவின் அடித்தந்தி 65 ஹெர்ட்ஸ், அதன் அலை ஐந்து மீட்டருக்கு மேல். மைக்கின் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள ஓரிரு சென்டிமீட்டரில் அந்த அலை பெரிதாக மாறுவதில்லை, வேறுபாடு மிகச் சிறிது. அதை ஈடுகட்டும்படிதான் மைக்கைச் செய்கிறார்கள். கருவி கிட்டே வந்தால் இன்னொரு வேறுபாடு சேர்கிறது: ஒலி தூரத்தோடு குறைவதால் முன்பக்கம் பின்பக்கத்தைவிடச் சற்று உரக்கக் கேட்கிறது. ஏற்கெனவே ஈடுகட்டிய இடத்தில் இதுவும் சேர, தாழ்சுரம் வீங்குகிறது. எல்லாத் திசையிலும் ஒரே அளவில் எடுக்கும் அனைத்துத்திசை மைக் தகட்டின் ஒரு பக்கத்து அழுத்தத்தை மட்டும் பார்ப்பதால் இந்தத் தொல்லை அதற்கு இல்லை.

ஒலி ஒரு புள்ளியிலிருந்து வருவதாக வைத்துக் கணக்குப் போட்டால், 30 சென்டிமீட்டரில் 65 ஹெர்ட்ஸ் சுரம் இதயவடிவ மைக்கில் ஏறக்குறைய 5 டெசிபல் கூடும், எட்டுவடிவத்தில் 9 டெசிபலுக்கு மேல். ஒரு மீட்டருக்குப் பின்வாங்கினால் இதயவடிவத்தில் அது 1 டெசிபலுக்கும் கீழே போய்விடும். செலோ புள்ளி அல்ல, முக்கால் மீட்டர் நீள உடம்பு, ஆகவே நடைமுறையில் இத்தனை ஏறாது. ஆனாலும் ரோசின் கரகரப்பை மென்மையாக்குகிறது என்று பலர் விரும்பும் ரிப்பன் மைக்கை (தகட்டுக்குப் பதில் மெல்லிய உலோக நாடா கொண்டது)ச் சற்றுத் தள்ளியே வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ரிப்பன் மைக் பெரும்பாலும் எட்டுவடிவம்.

எது எஃப் துளையின் குமுறல், எது மைக்கின் வீக்கம் என்று காதால் பிரிப்பது கடினம். இதற்கு ஒரு வழி உண்டு. அதே இடத்தில், அதே தூரத்தில் மைக்கை அனைத்துத்திசைக்கு மாற்றிப் பாருங்கள். தடிப்பு அப்படியே இருந்தால் அது கருவியுடையது, மைக்கைக் குதிரைப் பக்கமோ சற்று மேலேயோ நகர்த்த வேண்டும். தடிப்பு இறங்கினால் அது மைக்குடையது, பின்வாங்க வேண்டும். மருந்து வேறு வேறு. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தானை அழுத்திவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அடித்தந்தியின் 65 ஹெர்ட்ஸும் அதோடு தேய்ந்துவிடும் என்பதால் செலோவில் அந்தக் குறுக்குவழி எனக்குப் பிடிப்பதில்லை.

மருந்து இரண்டென்றால் பெயரும் இரண்டு வேண்டும். அதனால் என் முன்மொழிவு 'அண்மைக் கனம்'. 'கனமான குரல்' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். மைக்கை உதட்டோடு ஒட்டிப் பேசும் மேடை அறிவிப்பாளருக்குச் சட்டென்று வந்து சேரும் கம்பீரமும் இதே கனம்தான். எது காரணம், என்ன நடக்கிறது, இரண்டையும் சொல் தாங்குகிறது. பதிவறையில் "கொஞ்சம் பின்னால தள்ளுங்க, கனம் ஏறுது" என்று சுருக்கியும் சொல்லலாம்.

மற்றச் சொற்களையும் எடைபோட்டேன். 'தாழொலி மிகைப்பு' பொருளில் சரி, ஆனால் அரசாணை வாடை அடிக்கிறது. 'அண்மைத் தடிப்பு' என்றால் தோல் மருத்துவரிடம் போகச் சொல்வார்கள். 'கார்வை' அழகான சொல், ஆனால் சுரத்தை நீட்டி நிறுத்துவதற்கு இசைக்காரர்கள் அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'அடிக்கனம்' என்று ஒரு நண்பர் சொன்னதும் எனக்குப் பாயசப் பாத்திரம்தான் நினைவுக்கு வந்தது. அது போகட்டும், அந்தச் சொல்லில் அண்மை இல்லை என்பதே என் குறை.

கணிதத்தில் கனம் வேறு பொருளில் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கட்டும். அடைமொழியோடு வருவதால் குழம்பாது. வடசொல் வேண்டாம் என்பவர்களுக்கு 'அண்மைப் பருமை' என்று ஒரு மாற்று உண்டு, ஆனால் ஒலியைப் பருத்தது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஏற்பதானால் தொகுப்பில் விளக்கம் இப்படி இருக்கலாம்:

அண்மைக் கனம்: ஒலிமூலம் நெருங்கும்போது திசைசார் ஒலிவாங்கியில் தாழ்சுரங்கள் மிகுந்து பதிவாதல்.

இதில் 'திசைசார்' என்ற சொல்லை இடம் கருதி வெட்டிவிட வேண்டாம். அது இல்லையென்றால் எஃப் துளையின் குமுறலும் உள்ளே வந்துவிடும்.