ரெடிமிக்ஸ் பில்லில் நீங்கள் மாட்டிக்கொண்ட இடம் எது?

மொட்டைமாடி

ரெடிமிக்ஸில், அதாவது பிளாண்டில் கலந்து லாரியில் வரும் கான்கிரீட்டில், தளம் போட்டு எட்டு மாதம் ஆகிறது. இன்னும் அந்த மூலையைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

1200 சதுர அடி, 5 அங்குலக் கனம். 500 கன அடி, அதாவது 14.2 கன மீட்டர். தளத்துக்குக் கீழே இறங்கும் பீம்களுக்கு 2.1. ஆக மொத்தம் 16.3. கொஞ்சம் கூடவே இருக்கட்டும் என்று 16.5 சொன்னேன். அந்த 0.2-ஐயே பெரிய ஊதாரித்தனமாக நினைத்த ஆள் நான்.

மூன்றாவது லாரி முடியும் நேரத்தில் பம்ப் குழாய் இருமியது. இருமல்தான், வேறு வார்த்தை கிடைக்கவில்லை. கொஞ்சம் கலவை, கொஞ்சம் காற்று, அப்புறம் வெறும் காற்று. திரும்பிப் பார்த்தால் ஒரு மூலையில் பத்துக்குப் பத்து அறை அளவுக்குக் கம்பி பளிச்சென்று தெரிகிறது. வேலையாட்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறார்கள்.

பிளாண்டுக்குப் போன் போட்டேன். குறைந்தது 3 மீட்டருக்கு, அதாவது 3 கன மீட்டருக்கு, பில், இல்லையென்றால் லாரி கிளம்பாது. எனக்குத் தேவை ஒன்றரை. வேறு வழி? 3-க்குக் கொடுத்தேன். பம்புக்குக் கூடுதல் நேரம், ஆட்களுக்குக் கூடுதல் கூலி. லாரி வந்துசேர 1 மணி 40 நிமிடம். அதுவரை மேஸ்திரி போட்ட கான்கிரீட்டின் ஓரத்தை ஈரச்சாக்கு போட்டுக் காத்தார். எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், அந்த ஒன்றரை மீட்டர் மட்டும் மீட்டருக்கு மூன்று மடங்கு விலையில் விழுந்திருக்கிறது.

உங்களுக்கு எங்கே இடித்தது, சொல்லுங்கள்.

நாலுதூண்

எனக்குக் கலவை குறையவில்லை, நேரம் குறைந்தது.

பம்ப் வாடகையை மிச்சம் பிடிக்கலாம் என்று ஆட்களை வைத்துச் சட்டியில் தூக்கினோம். மூன்று லாரியும் அரை மணி இடைவெளியில் வரச் சொல்லியிருந்தேன். ஒரு லாரியைச் சட்டியில் காலி செய்ய ஒன்றேகால் மணி நேரம் ஆகும் என்று யாருக்குத் தெரியும்? சலானின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தது: லாரிக்கு 45 நிமிடம்தான் இலவசம், அதற்குமேல் காத்திருப்புக் கட்டணம். பம்பில் மிச்சம் பிடித்தது அங்கே போயிற்று.

போனது பணம் மட்டுமாக இருந்தால் மறந்திருப்பேன். மூன்றாவது லாரியின் முறை வந்தபோது கலவை கலந்து மூன்று மணி நேரம் தாண்டிவிட்டது. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு பையன் கையில் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு, “கொஞ்சம் தண்ணி விடவா சார்?” என்றான். நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து சரி என்று கூடச் சொல்லவில்லை, ஆட்டினேன், அவ்வளவுதான். டிரம்முக்குள் தண்ணீர் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அந்த லாரி போர்ட்டிகோவுக்குப் போனது. கலவையைக் கட்டியாக வார்த்து வலிமை பார்க்கும் 28-ஆம் நாள் க்யூப் டெஸ்ட் பாஸ். ஆனால் அந்த க்யூப்களை நிரப்பியது தண்ணீர் விடுவதற்கு முன்னால். காரை நிறுத்தும்போதெல்லாம் நிமிர்ந்து ஒரு தடவை மேலே பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன்.

பழைய சைட்காரன்

மொட்டைமாடி நண்பரே, நீங்கள் பீமை விட்டிருப்பீர்கள். எல்லோரும் விடுவதுதான். நீளம், அகலம், கனம் பெருக்கிவிட்டுக் கணக்கு முடிந்தது என்று நினைப்பார்கள்.

என் கதை சின்னது. அஸ்திவாரக் குழிக்கு வரைபடத்தைப் பார்த்து 9 மீட்டர் சொன்னேன். முந்தின நாள் மழையில் ஓரமண் சரிந்து குழி அகலமாகியிருந்தது. 10.5 குடித்தது. குழிக்குள் இறங்கி டேப் பிடிக்கச் சோம்பல்பட்டதற்கு விலை.

இனிக் கட்டப்போகிறவர்களுக்காகச் சிலது சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மீட்டர் விலையை அளவால் பெருக்கினால் வருவது பட்ஜெட் அல்ல, பில்லின் முதல் வரி. அதற்குக் கீழே பம்ப் இருக்கிறது. அதற்குத் தனிக் குறைந்தபட்சத் தொகை உண்டு, நீங்கள் 5 மீட்டர் ஓட்டினாலும் அதே. குழாய்க்குள் நிற்கும் கலவையையும் கணக்கில் சேருங்கள். 125 மில்லிமீட்டர் குழாய் 30 மீட்டர் நீளம் போனால் உள்ளே மட்டும் 0.37 கன மீட்டர் நிற்கும். கடைசியில் கழுவி ஊற்றுவது அதைத்தான். அப்புறம் தூரம், காத்திருப்பு, அரைகுறை லாரிக்கான கட்டணம், ராத்திரி வேலை என்றால் அதற்கு ஒன்று, கடைசியில் வரி. போனில் விலை கேட்டால் இதில் பாதியைச் சொல்ல மாட்டார்கள். பொய் சொல்வதில்லை, நாம் கேட்பதில்லை.

சேதாரத்துக்கு, சென்ட்ரிங் பலகை மேல் போடும் தளமென்றால் 5 சதவீதம், மண்ணுக்குள் போடுவதென்றால் 10 வைத்துக்கொள்ளுங்கள். 16-க்கு 0.2 வைத்தால் ஒரு சதவீதம் சொச்சம்தான் வருகிறது. அது போதாது.

கனத்தைக் கூட்டும் ஆசை வேண்டாம். 5 அங்குலம் போதும் என்று பொறியாளர் சொன்ன இடத்தில், “ஒரு அங்குலம்தானே, கெட்டியாக இருக்கட்டும்” என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 1200 சதுர அடிக்கு அந்த ஒரு அங்குலம் 100 கன அடி, 2.8 மீட்டர். பணத்தையும் கொடுத்து, பீமுக்கும் தூணுக்கும் பாரத்தையும் ஏற்றுகிறார்கள். கிரேடும், அதாவது கலவையின் வலிமைத் தரமும், அப்படித்தான். எம் 25 கேட்ட இடத்தில் எம் 35 போடுவதைவிட, அந்தக் காசில் கலவையை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டரைப் பிடிக்கத் தெரிந்த ஆளை வைத்து, ஏழு நாளாவது விடாமல் தண்ணீர் கட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கடைசி லாரியின் அளவை முதலிலேயே சொல்லாதீர்கள். முழு லாரிகளை மட்டும் உறுதி செய்யுங்கள். கடைசிக்கு முந்தின லாரி பாதி இறங்கும்போது மீதி இடத்தை டேப் பிடித்து அளந்து, கனத்தை நாலு இடத்தில் கம்பியைக் குத்திப் பார்த்து, அப்புறம் போன் செய்யுங்கள். இப்படிச் செய்யப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் பெரும்பாலான பிளாண்டுகள் ஒத்துக்கொள்ளும்.

நாலுதூண், இறுகிய கலவைக்குத் தண்ணீர் விடக்கூடாது. நீர் கூடக் கூட வலிமை இறங்கும். பிளாண்டுக்குச் சொல்லியிருந்தால் இளக்கும் கெமிக்கல் கொடுத்திருப்பார்கள். அதுவும் மூன்று மணி நேரத்துக்குப் பிறகு உதவாது, லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

நாலுதூண்

தண்ணீர் விடக்கூடாது என்று எனக்கும் இப்போது தெரியும். அதனால்தான் எழுதினேன்.

மொட்டைமாடி

பழைய சைட்காரரே, பீம் 2.1 என்று முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு அறிவுரை சொல்லலாமே. கடைசி லாரி யோசனை நல்லது, அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எடைமேடை

நான் சந்தேகப்பட்டுக் கெட்டவன். முதல் வேலையில் கலவை குறைந்தது, பிளாண்டுதான் ஏமாற்றியது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த வேலைக்கு லாரியை வழிமறித்து எடைமேடைக்குக் கொண்டுபோனேன். 6 மீட்டர் என்று சலான். கலவையோடு ஒரு எடை, இறக்கியபின் காலி லாரி ஒரு எடை. வித்தியாசம் 14.3 டன். ஒரு கன மீட்டர் கிட்டத்தட்ட 2.4 டன் என்று வகுத்தால் 5.96 வருகிறது. சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

டிரைவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு எடைச் சீட்டையும் என் கையில் வைத்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அந்தக் கண்ணாடி ஏறியதுதான் மறக்க மாட்டேனென்கிறது. எடைபோடப் போன நேரத்துக்குக் காத்திருப்புக் கட்டணமும் கட்டினேன்.

முதல் வேலையில் கலவை எங்கே போயிற்று என்று பிறகுதான் புரிந்தது. முட்டு கொடுத்த இடத்தில் மண் அமுங்கி, சென்ட்ரிங் நடுவில் தொப்பை போட்டிருந்தது. அந்தத் தொப்பை இன்றைக்கும் ஹாலின் கூரையில் இருக்கிறது, மேற்பூச்சில் மறைத்துவிட்டோம்.

பழைய சைட்காரன்

2.4 என்பது ஒரு சராசரிதான். ஜல்லியைப் பொறுத்து 2.35 முதல் 2.45 வரை போகும். 6 மீட்டர் லாரியில் அதுவே 0.1 மீட்டர் முன்னேபின்னே காட்டும். அரை மீட்டர் திருட்டைப் பிடிக்கலாம், 0.04-க்குச் சண்டை போட முடியாது.

மொட்டைமாடி, மன்னிக்கவும், பீமை நீங்கள் சேர்த்திருக்கிறீர்கள். அப்படியானால் கனத்தைப் போய் அளந்து பாருங்கள். 5 என்று நீங்கள் சொன்னீர்கள், 5 என்று போட்டார்களா?

சிக்கனம்

என் கதை இரண்டே வரி. இரண்டு இடத்தில் விலை கேட்டேன், மலிவாகச் சொன்னவரை எடுத்தேன். வரி, பம்ப், குழாய் மாட்டும் கூலி எல்லாம் தனி. மற்றவர் சொன்னது எல்லாம் அடங்கிய விலை. பில் வந்த அன்று என் மனைவி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, பேசாமல் சமையலறைக்குப் போய்விட்டாள்.

மேடைக்காரன்

உங்கள் எல்லோருக்கும் குறைந்தது. எனக்கு மிஞ்சியது.

வீட்டு முன்படிக்கும் அதன் அடித்தளத்துக்கும் 1.2 மீட்டர் வேண்டும். கையால் கலக்க எட்டு ஒன்பது மூட்டை சிமென்ட் பிடிக்கும், ஒருநாள் வேலை. சின்ன மிக்சர் மெஷினை வாடகைக்கு எடுத்தால் அரைநாள். ஆனால் எனக்கு ரெடிமிக்ஸ் மோகம். குறைந்தபட்சம் 3 மீட்டர் என்றார்கள், சரி என்றேன். எப்படியும் 3-க்குக் காசு, அப்புறம் எதற்கு 1.2 மட்டும் வாங்க வேண்டும் என்று 3-ஐயும் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். இந்தப் புத்தி எங்கிருந்து வந்ததோ!

பத்து நிமிடத்தில் படி நிறைந்துவிட்டது. டிரைவர் எட்டிப் பார்த்து, “மீதி எங்கே கொட்டட்டும்?” என்றார். திருப்பிக் கொண்டுபோனால் அதற்கும் தனிக் கட்டணம். மீதி 1.8 மீட்டர், நாலு டன்னுக்கு மேல். கொல்லைப்பக்கம் கொட்டச் சொன்னேன். பலகையும் இல்லை, கம்பியும் இல்லை, நானும் மச்சானும் மண்வெட்டியால் இழுத்துவிட்டோம். கோணல்மாணலாக ஒரு மேடை உருவாகிவிட்டது. இடிக்க ஆள் கேட்டால், அந்தக் கூலி கலவை விலையைவிடக் கூட.

மொட்டைமாடி

அளந்தேன். குழாய்க்காக விட்ட ஓட்டை ஒன்றில் டேப்பை விட்டுப் பார்த்தால் 5½. இன்னொன்றில் 5¾. படிக்கட்டு ஓரத்தில் மட்டும் 5¼. சராசரியாக அரை அங்குலம் கூடுதல், 50 கன அடி, 1.4 மீட்டர். குழாயில் நின்றது ஒரு 0.3. நான் கூடுதலாக வைத்திருந்த 0.2-ஐக் கழித்தால் அந்த மூலை அப்படியே கணக்கில் வந்து உட்காருகிறது. எட்டு மாதமாகப் பிளாண்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். மட்டம் பார்க்கும்போது நான் கீழே நின்று போன் பேசிக்கொண்டிருந்தேன், அதுவும் இப்போது ஞாபகம் வருகிறது.

மேடைக்காரரே, அந்த மேடையை இப்போது என்ன செய்கிறீர்கள்?

மேடைக்காரன்

பக்கத்து வீட்டு நாய் படுத்துக்கொள்கிறது. வெயில் காலத்தில் அதுவும் இல்லை, சூடு.