அரிசி ஆலை ஷாஃப்ட்: கிரஃபைட் ஸ்ப்ரே பூச்சு ஓரத்தில கழருது, தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. சம்மாந்துறை ஆலையொன்றின் எலிவேட்டர் (நெல்லை மேல தூக்கிற வாளிப் பட்டி) அடி ஷாஃப்ட், 60 மில்லிமீற்றர், அது சுழலுறது வெண்கல புஷ்ஷுக்குள்ள (உருளை உறை). கிறீஸ் போட்டால் உமித்தூசி ஒட்டி அரைக்கிற பசையாகிடும். உமியில சிலிக்கா கூட. அதனாலதான் உலர்ந்தே வழுக்குற பூச்சுக்குப் போனது.

பக்கத்துக்கு 0.5 மி.மீ. கடைஞ்சு, அலுமினா மணல் அடிச்சு, பிடிமானத்துக்கு நிக்கல்-அலுமினியம் 0.1 மி.மீ., மறுகா நிக்கல் உறையிட்ட கிரஃபைட் பவுடர் (75/25, அதாவது நிக்கல் 75, கிரஃபைட் 25 வீதம்) ஒக்சி-அசற்றலின் சுவாலை ஸ்ப்ரே கன்னால. கடைசல் ஓரம் 90 பாகையில நிக்குது, சரிவு இல்லை.

இப்ப புஷ் வாய்க்கு நேரே நகமளவு சில்லுகள். சில்லுக்கடியில ஷாஃப்ட்டின்ர வெறும் இரும்பு பளிச்செண்டு தெரியுது. பூச்சுக்குள்ளேயே பிளந்திருந்தால் சாம்பல் படை மிஞ்சியிருக்கும். ஆகவே பிடிமானம்தான் பிழை. நடுவில கறுப்புப் படலம் நல்லா விழுந்திருக்கு, ஆனா சுற்றுவாக்கில மெல்லிய கீறல்.

கேள்விகள்:
கடற்காத்து ஈரத்தில மணல் அடிச்ச பிறகு எவ்வளவு நேரத்துக்குள்ள ஸ்ப்ரே பண்ணுறீங்க? முன்சூடு 100 பாகை காணுமா?
25 வீதம் கிரஃபைட் இந்தப் பாரத்துக்கு மெது. 85/15 போட்டாக்கள் இருக்கினமா, இல்லாட்டி மொலிப்டினம் கம்பியா?
உலர் ஓட்டத்துக்கு புஷ் இடைவெளி எவ்வளவு விடுறது?

மொலிப்டினம் டைசல்பைட்டை (இன்னொரு உலர் வழுக்குப் பொருள்) சொல்லாதீங்கோ. ஈரக்காத்தில அதின்ர உராய்வு கூடும். கிரஃபைட்டுக்குத்தான் ஈரப்பதன் தேவை.

கல்முனை, மட்டக்களப்புப் பக்கம் பவுடர் கன் வச்சிருக்கிற பட்டறை தெரிஞ்சால் கீழ போடுங்கோ. போகத்துக்கு முன்ன மாத்தணும்.